பிளானை மாற்றும் முன் ரௌட்டர் பக்கத்தைத் திறவுங்கள்

200 எம்.பி.பி.எஸ். பிளான் போட்டும் படுக்கையறையில் யூடியூப் சுற்றிக்கொண்டே இருக்கிறதா? கஸ்டமர் கேருக்குப் போன் போடுவதும், 300-க்கு மாறுவதும்தான் பெரும்பாலோர் செய்வது. 300 வந்த பிறகும் அதே அறையில் அதே சுற்றல். ஃபைபர் கம்பி ஹால் வரை கொண்டுவந்து சேர்க்கும் வேகம் ஒன்று. அங்கிருந்து காற்று வழியே போனுக்கு வரும் வேகம் வேறொன்று. மாதாமாதம் பணம் கட்டுவது முதலாவதுக்கு. இரண்டாவதைத் தீர்மானிப்பது ரௌட்டர் வைத்திருக்கும் இடமும், அதன் வயர்லெஸ் பக்கத்தில் இருக்கும் பத்துப் பன்னிரண்டு அமைப்புகளும். இணைப்பு கொடுக்க வருபவர் அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டியவர். பெயரும் பாஸ்வேர்டும் போட்டு, விளக்கு பச்சையானதும் கிளம்பிவிடுவார். மீதி எல்லாம் 'ஆட்டோ'வில் கிடக்கும்.

குறை எந்தப் பக்கம்?

எதையும் மாற்றுவதற்கு முன், ஒரு லேப்டாப்பை லேன் கேபிளால் ரௌட்டரோடு இணைத்து வேகம் பாருங்கள். போனில் வைஃபை வழியே எடுக்கும் ஸ்பீட் டெஸ்ட் இரு பக்கத்துக் குறையையும் கலந்துதான் காட்டும். கேபிளில் பிளானுக்குரிய வேகம் வந்துவிட்டால் நிறுவனத்தோடு சண்டை போடத் தேவையில்லை. வேலை வீட்டுக்குள்தான் இருக்கிறது.

கேபிளிலேயே 94, 95-ல் நின்றுவிட்டால் அந்த எண்ணே காரணத்தைச் சொல்லிவிடும். விலை குறைந்த ரௌட்டர்களின் போர்ட்டுகள் 100 எம்.பி.பி.எஸ். வகை, ஒவ்வொரு தகவல் பொட்டலத்தோடும் சேரும் தலைப்புத் தகவல்கள் போக 94 சொச்சம்தான் மிஞ்சும். 200 பிளான் வீட்டில் நடுவே இப்படி ஒரு பெட்டி உட்கார்ந்திருந்தால் பாதிப் பணம் வீண். ரௌட்டர் கிகாபிட் வகையாக இருந்தும் 94 என்றால் கேபிளைச் சந்தேகப்படுங்கள். கிகாபிட்டுக்கு உள்ளே இருக்கும் எட்டுக் கம்பியும் வேண்டும், 100-க்கு நான்கு போதும். பிளக்கை அழுத்திப் பொருத்திய (கிரிம்ப் செய்த) முனையில் மற்ற நான்கில் ஒரே ஒரு கம்பி சரியாக உட்காராவிட்டாலும் சத்தம் போடாமல் 100-க்கு இறங்கிவிடும். நெட் வந்துகொண்டுதானே இருக்கிறது என்று யாரும் கவனிக்க மாட்டார்கள்.

அடுத்தது பிங், அதாவது ஒரு முகவரிக்குச் சிறு தகவல் அனுப்பிப் பதில் வரும் நேரத்தைப் பார்ப்பது. இந்த முறை கேபிளைக் கழற்றிவிட்டு, எந்த அறையில் குறை சொல்கிறார்களோ அங்கேயே வைஃபையில் உட்காருங்கள். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ரௌட்டரின் முகவரிக்கு (அதைக் கண்டுபிடிக்கும் வழி கீழே) ஒரு பிங், இன்னொரு ஜன்னலில் வெளியே இருக்கும் கூகுள் சர்வரான 8.8.8.8-க்கு ஒரு பிங். கடைசியில் மைனஸ் டி சேர்த்தால் நிறுத்தும்வரை ஓடும். ரௌட்டருக்குப் போகும் பிங் 2, 3, 5 மில்லிசெகண்ட் என்று அமைதியாக வர வேண்டும். 80, 300 என்று துள்ளி, இடையிடையே 'டைம்டு அவுட்' விழுந்தால் குறை காற்றில். ரௌட்டர் பிங் அசையாமல் இருக்க, 8.8.8.8 மட்டும் துள்ளினால் குறை வெளியே. அப்போது தாராளமாகப் புகார் கொடுக்கலாம். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் புது ரௌட்டர் வாங்குபவர்கள்தான் அதிகம்.

புகாருக்கு முன் ஃபைபர் மோடத்தின் பக்கத்தில் 'ஆப்டிக்கல்' அல்லது 'பான்' என்று இருக்கும் பகுதியையும் எட்டிப் பாருங்கள். அதில் ஆர்.எக்ஸ். பவர் என்று ஒரு மைனஸ் எண் இருக்கும். வழக்கமான ஜிபான் பெட்டிகளுக்கு வரம்பு -8 முதல் -27 வரை. -20 சுற்றுவட்டாரம் என்றால் கவலையில்லை. -27-ஐ ஒட்டிக்கொண்டிருந்தால் சிக்னல் போனதைக் காட்டும் எல்.ஓ.எஸ். விளக்கு எப்போது சிவப்பாகும் என்று சொல்ல முடியாது. மோடத்துக்கு வரும் மஞ்சள் ஃபைபர் கம்பி டிவி யூனிட்டுக்குப் பின்னால் நசுங்கிக் கிடக்கிறதா என்று முதலில் பாருங்கள். 6 செ.மீ. குறுக்களவுக்கும் குறுகலாக அதைச் சுருட்டக் கூடாது.

இடம்

டிவிக்குப் பின்னால், ஷோகேஸுக்குள், லாஃப்டில் பழைய பாத்திரங்களுக்கு நடுவே, வாசல் பக்கத்து மெயின் பாக்ஸுக்கு அருகில். நம் வீடுகளில் ரௌட்டர் இருக்கும் இடங்கள் இவைதான், ஏனென்றால் கம்பி அங்கேதான் நுழைகிறது. ஆனால் டிவியின் பின்புறம் உலோகத் தகடு. இரும்பு பீரோ, நிலைக்கண்ணாடியின் பூச்சு, ஃப்ரிட்ஜ், தண்ணீர் நிறைந்த சின்டெக்ஸ், மீன் தொட்டி எல்லாமே சிக்னலை விழுங்கும் அல்லது திருப்பி அடிக்கும். கம்பி போட்ட கான்கிரீட் தளம் இன்னும் மோசம். 9 அங்குலச் செங்கல் சுவர் அதற்கு அடுத்தபடி.

ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அனலைசர் வகை ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு, லொகேஷனை ஆன் செய்து, வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள். எண் மைனஸில் வரும். பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. -50 அருமை. -67 வரை வீடியோ கால் தாங்கும். -75-க்குக் கீழே போனால் வாட்ஸ்அப் மெசேஜ் போகும், படம் சுற்றும். ஒவ்வொரு 3 டி.பி. (டெசிபெல், இந்த எண்ணின் அலகு) இறக்கமும் சக்தியில் பாதி போனதாகக் கணக்கு. 10 இறங்கினால் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். பீரோவுக்கு முன்னால் நின்று ஒரு அளவு, அதன் பின்பக்க அறையில் ஒரு அளவு எடுத்தால் எது வில்லன் என்று தெரிந்துவிடும். ஆப்பில் எண் உடனுக்குடன் மாறாது, ஆண்ட்ராய்டு ஸ்கேனை மட்டுப்படுத்தி வைத்திருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் அரை நிமிடம் நில்லுங்கள்.

ரௌட்டரைத் திறந்த இடத்தில், ஐந்தாறு அடி உயரத்தில், வீட்டின் நடுப்பகுதிக்கு எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். ஃபைபரை நீட்ட முடியாவிட்டால் மோடம் வாசலிலேயே இருக்கட்டும், லேன் கேபிளை உள்ளே இழுங்கள். 100 மீட்டர் வரை வேகம் குறையாது. ஆன்டெனா நேராக நின்றால் அலை பக்கவாட்டில் பரவும், நுனி நோக்கும் திசையில் மிகக் குறைவு. மாடிக்கும் வேண்டும் என்றால் ஒன்றை மட்டும் படுக்க வைத்துப் பாருங்கள். ஆறு ஆன்டெனா, எட்டு ஆன்டெனா என்று பெட்டியில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். ரௌட்டர் கத்துவது போனுக்குக் கேட்டாலும், போன் பதில் சொல்வது ரௌட்டருக்குக் கேட்க வேண்டுமே! போனின் ஒலிபரப்புச் சக்தி ரௌட்டருடையதைவிடக் குறைவு. 'ஃபுல் சிக்னல் காட்டுது, ஆனா ஓட மாட்டேங்குது' என்பதில் பாதிக்கு இதுதான் காரணம்.

பக்கத்தைத் திறப்பது

முகவரி ரௌட்டரின் அடியில் ஸ்டிக்கரில் இருக்கும். 192.168.1.1, 192.168.0.1 இரண்டும் பரவலாக உள்ளவை, 192.168.29.1, 192.168.100.1 என்றும் உண்டு. ஸ்டிக்கர் அழிந்திருந்தால் போனில் இணைந்திருக்கும் வைஃபையின் விவரத்தைத் தட்டி 'கேட்வே' என்ற வரியைப் பாருங்கள், அதேதான். பிரவுசரின் முகவரிப் பட்டையில் எண்ணை அப்படியே அடிக்க வேண்டும். போனில் மொபைல் டேட்டா ஆன் ஆகியிருந்தால் பக்கம் திறக்காமல் போக்குக் காட்டும், அணைத்துவிடுங்கள். 'பாதுகாப்பற்ற தளம்' என்ற எச்சரிக்கை வந்தால் பயம் வேண்டாம். வீட்டு ரௌட்டருக்கு வெளியாள் கொடுத்த சான்றிதழ் இருக்காது, அவ்வளவே.

உள்ளே நுழையும் பாஸ்வேர்டும் வைஃபை பாஸ்வேர்டும் வேறு வேறு. பழைய பெட்டிகளில் யூசர் நேம், பாஸ்வேர்டு இரண்டுமே 'அட்மின்'. முதல் வேலையாக அதை மாற்றி, புதியதை எங்காவது எழுதி வையுங்கள். இரண்டாவது வேலை, 'பேக்கப்' அல்லது 'சேவ் கான்ஃபிகரேஷன்' இருந்தால் இப்போதைய அமைப்பை ஒரு ஃபைலாக இறக்கிக்கொள்வது. கூடுமானவரை இந்த வேலைகளைக் கேபிள் போட்ட லேப்டாப்பில் செய்யுங்கள். வைஃபையில் இருந்துகொண்டு வைஃபை பெயரை மாற்றினால், சேவ் அழுத்தியதும் இணைப்பு அறுந்துவிடும். சேவ் ஆனதா இல்லையா என்ற குழப்பம் மிஞ்சும்.

பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு

பெயருக்கு இடம் 32 பைட். தமிழில் வைக்க ஆசைப்பட்டால், தமிழ் எழுத்தின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். 'வீ' என்பது வகரமும் ஈகாரக் குறியுமாக இரண்டு குறியீடு. மொத்தம் 10 குறியீட்டுக்கு மேல் இடமில்லை. போனில் அழகாகத் தெரியும். பழைய டிவியிலும் பிரிண்டரிலும் கட்டம் கட்டமாக வரும். சில ரௌட்டர்கள் ஏற்கவே மாட்டா. கதவு எண்ணையும் சொந்தப் பெயரையும் வைப்பதைவிடச் சம்பந்தமில்லாத ஒரு சொல் நல்லது.

புது ரௌட்டர் வாங்கும்போது இது உதவும்: பழையதில் இருந்த பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகை மூன்றையும் எழுத்து மாறாமல் புதியதில் போடுங்கள். போன், டிவி, கேமரா, பல்பு எதையும் தொட வேண்டியதில்லை, அனைத்தும் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாடு உண்டு என்பதால் போன் கீபோர்டில் அடிக்கும்போது கவனம். முதல் எழுத்தைத் தானே பெரிதாக்கிவிடும், கடைசியில் ஓர் இடைவெளியையும் நுழைத்துவிடும். 'பாஸ்வேர்டு சரிதான், ஆனா ஏறல' என்பதில் பாதி அந்தக் கண்ணுக்குத் தெரியாத இடைவெளிதான்.

பாஸ்வேர்டு 8 முதல் 63 எழுத்து. நம்மூரில் பாஸ்வேர்டு என்றால் வீட்டுக்காரரின் மொபைல் நம்பர். இந்திய மொபைல் எண்கள் 6, 7, 8, 9-ல்தான் தொடங்கும். ஆக மொத்தச் சாத்தியம் 400 கோடி. பெரிதாகத் தெரிந்தாலும், கைப்பற்றிய இணைப்புத் தகவலை ஒரு நல்ல கிராபிக்ஸ் கார்டில் போட்டு ஓடவிட்டால் சில மணி நேர வேலை. மேலும் உங்கள் நம்பர் தெருவுக்கே தெரியும். சம்பந்தமில்லாத நான்கு சொற்களை ஆங்கில எழுத்தில் கோத்து, நடுவே இரண்டு எண் போடுங்கள்: புளி, கதவு, எருமை, நிலா என்ற மாதிரி. 'ழ' வரும் சொல்லைத் தவிர்த்துவிடுங்கள், விருந்தாளி ஒவ்வொருவருக்கும் ஸ்பெல்லிங் சொல்லி மாளாது. டிவி ரிமோட்டில் அடிக்க வேண்டியிருப்பதால் சிறப்புக் குறிகளும் வேண்டாம்; நீளம் இருந்தால் போதும்.

பாதுகாப்பு வகையில் டபிள்யூ.பி.ஏ.2, அதில் ஏ.இ.எஸ். மட்டும். 'டி.கே.ஐ.பி.' என்றோ 'டி.கே.ஐ.பி. பிளஸ் ஏ.இ.எஸ்.' என்றோ இருந்தால் மாற்றுங்கள். பாதுகாப்பு ஒருபுறம் இருக்கட்டும், டி.கே.ஐ.பி.யில் இணையும் கருவி 54 எம்.பி.பி.எஸ். என்ற பழைய வரம்புக்குள் அடங்கிவிடும். 2018-ல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 நல்லதுதான், ஆனால் அதை மட்டும் வைத்தால் பழைய டிவி, ஸ்மார்ட் பிளக், பிரிண்டர் ஏறாது. 2, 3 கலந்த முறை இருந்தால் அதை வையுங்கள்; ஏதாவது ஏற மறுத்தால் வெறும் 2-க்கு இறங்குங்கள். இவற்றுக்கெல்லாம் முந்தைய வகையான டபிள்யூ.இ.பி. 2001-லேயே உடைக்கப்பட்டது, அது மட்டுமே தெரிந்த கருவி வீட்டில் இருந்தால் கருவியை மாற்றுவதே வழி.

பாஸ்வேர்டு அடிக்காமல் பட்டனாலோ பின் எண்ணாலோ இணைக்கும் டபிள்யூ.பி.எஸ்.ஸை அணைத்துவிடுங்கள். எட்டு இலக்க பின் இருக்கிறதே என்று தோன்றும். அதை ரௌட்டர் இரண்டு பாதியாகப் பிரித்துச் சரிபார்ப்பதும், கடைசி இலக்கம் மற்றவற்றிலிருந்தே கணக்கிடக்கூடியது என்பதும் சேர்ந்து, 11,000 முயற்சியில் கதை முடிந்துவிடும். இது 2011-லேயே வெளிவந்துவிட்ட விஷயம். பெயரை மறைத்து வைப்பதால் பாதுகாப்பு கூடாது, புதுக் கருவியை இணைக்கும்போது தலைவலிதான் கூடும். கருவியின் அடையாள எண்ணை (மேக் முகவரி) பார்த்து உள்ளே விடும் மேக் ஃபில்டரும் அப்படியே. ஆண்ட்ராய்டு 10, ஐ.ஓ.எஸ். 14 முதல் போன்கள் உண்மையான மேக் முகவரியை மறைத்து ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் ஒரு புனைமுகவரி காட்டுகின்றன. ஃபில்டர் போட்டவர் நெட்வொர்க்கை ஒருமுறை அழித்துச் சேர்த்ததும் தன் போனே உள்ளே வராமல் விழிப்பது வாடிக்கை.

பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து வைப்பது தர்மம் என்று நினைப்பவர்களுக்கு: 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் ஊடகங்களுக்குப் போன மின்னஞ்சல், நவி மும்பையில் ஒரு வீட்டு வைஃபை வழியாகத்தான் அனுப்பப்பட்டது. போலீஸ் முதலில் வந்து கதவைத் தட்டியது அந்த வீட்டில். விருந்தாளிகளுக்கு 'கெஸ்ட் நெட்வொர்க்' இருக்கிறது, அதற்கும் ஒரு பாஸ்வேர்டு போடுங்கள். கெஸ்டில் இருப்பவர் டிவிக்கு காஸ்ட் செய்யவோ பிரிண்ட் கொடுக்கவோ முடியாது. கருவிகளைப் பிரித்து வைப்பதுதான் அதன் வேலை. முதன்மை நெட்வொர்க்கிலேயே காஸ்ட் போகவில்லை என்றால் கருவிகளை ஒன்றோடொன்று பேசவிடாத 'ஏ.பி. ஐசொலேஷன்' தவறுதலாக ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

2.4: சேனல்தான் எல்லாம்

இன்றைய ரௌட்டர்கள் பெரும்பாலும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் (பேண்ட்) பேசும். 2.4 கிகாஹெர்ட்ஸில் இந்தியாவில் 1 முதல் 13 வரை சேனல்கள். சேனலுக்குச் சேனல் இடைவெளி 5 மெகாஹெர்ட்ஸ், ஆனால் ஒரு வைஃபைக்கு வேண்டிய அகலம் 20. ஆகவே 3-ல் வைத்தால் 1-லும் கை நீளும், 5, 6-லும் நீளும். ஒன்றோடொன்று உரசாதவை 1, 6, 11 மட்டுமே.

அடுக்ககத்தில் ஸ்கேன் போட்டால் இருபது நெட்வொர்க் தெரியும். 1, 6, 11 மூன்றிலும் கூட்டம், 3-ம் 9-ம் காலி. காலியாக இருக்கிறதே என்று 3-ல் போய் உட்காருவதுதான் பொதுவாக நடக்கும் பிழை. ஒரே சேனலில் இருக்கும் ரௌட்டர்கள் ஒன்றன் பேச்சை மற்றொன்று புரிந்துகொண்டு, முறை வைத்துப் பேசும். வேகம் பங்கு போகும், ஆனால் குழப்பம் இராது. பாதி உரசும் சேனலில் இருப்பவை ஆடி மாதத்தில் இரண்டு தெருக் கோயில் ஒலிபெருக்கிகள் போல: எதுவும் எதற்கும் காத்திராது, இரண்டும் யாருக்கும் புரியாது. ஆகவே 1, 6, 11-ல் எதில் பக்கத்து வீட்டுச் சிக்னல்கள் பலவீனமாக இருக்கின்றனவோ அதைத் தேர்ந்தெடுங்கள். எண்ணிக்கையைவிட வலிமை முக்கியம். -85-ல் ஐந்து இருப்பது, -50-ல் ஒன்று இருப்பதைவிட மேல். 12, 13 சேனல்கள் சில இறக்குமதிக் கருவிகளுக்குத் தெரியவே தெரியாது, தவிர்த்துவிடுங்கள்.

ஆட்டோவே தேர்ந்தெடுக்காதா என்று கேட்கலாம். பல ரௌட்டர்கள் ஸ்விட்ச் ஆன் ஆகும்போது மட்டுமே சேனலைப் பார்க்கின்றன. கரண்ட் போய் வந்தால் ஃபிளாட் முழுவதும் எல்லா ரௌட்டரும் ஒரே நேரத்தில் எழுந்து, காலி என்று நினைத்து ஒரே இடத்தில் போய்க் குவியும். கையால் வைத்த சேனல் அங்கேயே நிற்கும்.

சேனல் அகலத்தை 20 என்று வையுங்கள். 40 என்றால் இருமடங்கு வேகம் என்று தோன்றும். பக்கத்து வீடுகள் உள்ள இடத்தில் அது இருமடங்கு சண்டை. தனித் தோட்டத்து வீடு என்றால் 40 சரி. மோடில் 'பி' என்ற பழைய முறையை எடுத்துவிட்டு 'ஜி, என்' அல்லது அதற்கு மேல் வைத்தால், ரௌட்டர் தன் பெயரைச் சொல்லி நொடிக்கு ஏறத்தாழ பத்து முறை அனுப்பும் அறிவிப்பு 1 எம்.பி.பி.எஸ். வேகத்தில் ஊர்ந்து நேரத்தைத் தின்னாது. இதே காரணத்தால் நாலைந்து பெயர்களை உருவாக்கி வைப்பதும் வீண். ஒவ்வொரு பெயருக்கும் தனி அறிவிப்பு.

இவ்வளவும் செய்தபின் 2.4-ல் 40 எம்.பி.பி.எஸ். வந்தால் அது நல்ல மதிப்பெண். ஒற்றை ஆன்டெனா போனுக்கு 20 அகலத்தில் இணைப்பு வேகமே 72 என்றுதான் காட்டும். உண்மையில் கிடைப்பது அதில் பாதி சொச்சம். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது இதுவும் சரியும். ரௌட்டரின் யு.எஸ்.பி. 3 போர்ட்டில் ஹார்ட் டிஸ்க் மாட்டியிருந்தாலும் 2.4-ல் இரைச்சல் ஏறும்.

5 கிகாஹெர்ட்ஸ்

வேகம் இங்கேதான் இருக்கிறது, தூரம்தான் இல்லை. 80 அகலம் வைத்தால் இரட்டை ஆன்டெனா போன் 866 அல்லது 1200 என்று இணையும், கையில் பாதிக்கு மேல் கிடைக்கும். சேனல் 36-48 தொகுதி, அல்லது 149-161 தொகுதி. இரண்டில் எது அக்கம்பக்கத்தில் காலியோ அது. நடுவே உள்ள 52 முதல் 64, 100-க்கு மேல் 144 வரை ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்கள். ஆன் ஆனதும் ரௌட்டர் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் ஒலிபரப்பும். ரேடார் கேட்டால் உடனே விலகி, அரை மணி நேரம் அந்தப் பக்கம் போகாது. விமான நிலையம், துறைமுகம் அருகில் இருப்பவர்களுக்கு 5 கிகா திடீர் திடீரென்று மறைவது இதனால்தான். சில டிவிகளும் ஸ்டிக்குகளும் இந்தச் சேனல்களைப் பார்க்கவே பார்க்காது. 160 அகலம் இந்த ரேடார் பகுதியையும் சேர்த்தே எடுக்கும் என்பதால் 80-உடன் நின்றுகொள்வது நிம்மதி.

பழைய லேப்டாப் ஒன்றுக்கு மட்டும் புது ரௌட்டரின் பெயரே தெரியவில்லை என்றால் ரௌட்டரைத் திட்டாதீர்கள். வைஃபை 6 அறிவிப்பைப் புரிந்துகொள்ளாத பழைய டிரைவராக இருக்கும். டிரைவரைப் புதுப்பியுங்கள், அதுவரை அந்த பேண்டில் 'ஏ.எக்ஸ்.' (வைஃபை 6) மோடை அணைத்து வையுங்கள்.

இரண்டு பேண்டுக்கும் ஒரே பெயரா, தனித்தனியா? போன், லேப்டாப் மட்டுமே உள்ள வீட்டில் ஒரே பெயர் வசதி. அருகில் 5, தூரத்தில் 2.4 என்று தானே மாறும். ஸ்மார்ட் பல்பு, பிளக், கேமரா உள்ள வீட்டில் நான் தனித்தனிப் பெயருக்குத்தான் ஓட்டுப் போடுவேன். இவற்றில் பெரும்பாலானவை 2.4 மட்டுமே தெரிந்தவை. அமைக்கும்போது போன் 5-ல் இருந்தால் ஆப் 'டிவைஸ் நாட் ஃபவுண்ட்' என்று கையை விரிக்கும். ஒரே பெயரை விட மனமில்லை என்றால், பல்பை இணைக்கும் ஐந்து நிமிடத்துக்கு 5 கிகாவை அணைத்து, இணைந்ததும் திரும்ப ஆன் செய்யுங்கள்.

இரண்டாவது ரௌட்டர்

ஒரு ரௌட்டர் வீடு முழுவதும் எட்டாவிட்டால் இன்னொரு பெட்டி வேண்டும். சிக்னலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் விலை குறைவு, சுவரில் செருகினால் வேலை முடிந்தது. ஆனால் ஒரே ரேடியோவில் வாங்கி அதிலேயே கொடுக்கும் வகையில் வேகம் பாதியாகும். அதையும் சிக்னல் செத்துப்போன அறையில் கொண்டுபோய் வைப்பார்கள். செத்த சிக்னலை வாங்கி ஃபுல் பாராகக் காட்டும், அவ்வளவுதான். வைக்க வேண்டிய இடம் -60, -65 வரும் நடுவழி.

கேபிள் இழுக்க முடியுமானால் வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ரௌட்டரே போதும். அதில் 'ஆக்சஸ் பாயின்ட் மோடு' இருந்தால் அதை அழுத்துங்கள், வேலை முடிந்தது. இல்லாவிட்டால் கையால். முதலில் மெயின் ரௌட்டரில், கருவிகளுக்கு முகவரி வழங்கும் டி.எச்.சி.பி. எந்த எண் வரை கொடுக்கிறது என்று பாருங்கள். 192.168.1.2 முதல் 254 வரை என்றிருந்தால் 200-ல் முடியும்படி குறைத்துவிடுங்கள். பிறகு பழைய ரௌட்டரைத் தனியாக லேப்டாப்பில் மாட்டி, லேன் முகவரியை 192.168.1.250 ஆக்கி, அதன் டி.எச்.சி.பி.யை அணைத்து, வைஃபை பெயர், பாஸ்வேர்டு, பாதுகாப்பு வகையை மெயின் போலவே போட்டு, சேனலை மட்டும் வேறாக வையுங்கள்: மெயின் 1 என்றால் இது 11. கடைசியாகக் கேபிள், மெயினின் லேன் போர்ட்டிலிருந்து இதன் லேன் போர்ட்டுக்கு. வெளி இணைப்புக்கான, 'வான்' என்று போட்டிருக்கும் தனி நிறத் துளை காலியாகவே இருக்கட்டும்.

முகவரியை மாற்றாமல் மாட்டினால் இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்று அடித்துக்கொள்ளும். டி.எச்.சி.பி.யை அணைக்க மறந்தால் பாதிக் கருவிகளுக்கு நெட் வரும், பாதிக்கு வராது. எதற்கு வரும் என்பது நாளுக்கு நாள் மாறும். இந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது போல எரிச்சலான வேலை வேறில்லை.

தொடக்கூடாதவை, கரண்ட், ரீசெட்

அட்வான்ஸ்டு பக்கத்தில் பீக்கன் இன்டர்வல் 100, ஆர்.டி.எஸ். 2347 என்றெல்லாம் இருக்கும். அவை அப்படியே இருக்கட்டும். வீடியோ, பேச்சு போன்றவற்றுக்கு முன்னுரிமை தரும் டபிள்யூ.எம்.எம்.மை 'கேமிங்குக்கு அணைக்கணும்' என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது இல்லாமல் புதிய வைஃபை முறைகள் இயங்கா, வேகம் 54-க்கு இறங்கிவிடும். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டி.என்.எஸ்.ஸை 1.1.1.1 என்று மாற்றினால் பக்கம் திறக்கத் தொடங்குவது சற்று விரைவாகலாம், டவுன்லோட் வேகம் கூடாது. வெளியிலிருந்து ரௌட்டர் பக்கத்தைத் திறக்கவிடும் ரிமோட் மேனேஜ்மென்ட்டை அணைத்து வையுங்கள்.

கரண்ட் கட்டுக்கு மினி யு.பி.எஸ். வாங்குமுன் அடாப்டரைப் படியுங்கள். 12 வோல்ட் 1 ஆம்பியர், 12 வோல்ட் 2 ஆம்பியர், 9 வோல்ட் என்று பல உண்டு. வோல்ட் அச்சாக ஒத்திருக்க வேண்டும், ஆம்பியர் கூடுதலாக இருக்கலாம், குறையக் கூடாது. ஆம்பியர் குறைந்த அடாப்டரில் ரௌட்டர் எரியாது. ஆட்கள் சேரச் சேரத் தானே ரீஸ்டார்ட் ஆகும். மோடமும் ரௌட்டரும் தனித்தனி என்றால் இரண்டுக்கும் பேக்கப் வேண்டும். ஐப்பசி இடிமழையில் ஃபைபர் வழியாக மின்னல் வராது. பிளக் வழியாகவும், மாடிக்குப் போகும் லேன் கேபிள் வழியாகவும் வரும். இடி நெருங்கும்போது இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

ரீசெட் துளையில் ஊசியைப் பத்து நொடி அழுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்பது சொந்தமாக வாங்கிய ரௌட்டருக்குப் பெரும்பாலும் பொருந்தும். நிறுவனம் தந்த ஃபைபர் மோடத்தில் வைஃபை பெயரோடு, நிறுவனத்தின் நெட்வொர்க்கில் நுழையத் தேவையான பி.பி.பி.ஓ.இ. யூசர் ஐடி, விலேன் எண் போன்றவையும் சேர்ந்து அழியலாம். ஆகவே முதலில் 'வான்' பக்கத்தைத் திறந்து, அதில் உள்ள ஒவ்வொரு வரியும் தெரியும்படி போனில் படம் எடுத்துவையுங்கள். பாஸ்வேர்டு புள்ளிப் புள்ளியாகத்தான் தெரியும். அதை நிறுவனத்திடம் கேட்டு வாங்கி அந்தப் படத்தோடு சேர்த்து வையுங்கள். இவை கையில் இல்லாமல் ஊசியை உள்ளே விட்டால், ஆள் வரும்வரை மொபைல் டேட்டாதான்.